சும்மா கட்டிக்கிற துணி

பாகூர் கடைத்தெருவில் வீரமணி அக்ரோ ஏஜென்சீஸ் என்று ஓர் உரக்கடை இருக்கிறது. பலகையில் பேர் இருக்கிற வீரமணி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. யூரியா லாரி வந்து நின்ற ஒரு காலையில், மூட்டையை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி செல்வகுமாரி கடையைத் திறந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பிள்ளைகள் இல்லை. கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு மூலக்குளத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டோடு போய் இரு என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள். தினம் எட்டரை மணிக்கு ஷட்டரைத் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

முதல் ஒரு வருஷம் மருந்து டப்பாக்களோடு வருகிற சீட்டுகளை உட்கார்ந்து படித்தாள். விவசாயிகள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவரும் இலையையும் தண்டையும் கிழித்துக் கிழித்துப் பார்த்தாள். சந்தேகம் வந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய் இறங்கினாள். நாளாக ஆக, "பாகூர் அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்ற பேர் அபிஷேகப்பாக்கம், ஏம்பலம் வரைக்கும் போயிற்று. மருந்து வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவாள். அதனாலேயே கூட்டம் கூடியது.

அந்தக் கூட்டம்தான் அவளைக் கப்பலேற்றியது. பூச்சிமருந்து கம்பெனி ஒன்று, அந்த வருஷம் நன்றாக விற்ற டீலர்களை ஜோடியாகக் கப்பல் பயணம் கூட்டிப்போவதாக அறிவித்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலிலேயே தெற்கே போய்த் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலேயே இறங்க வேண்டும். கம்பெனியின் ஏரியா ஆபீசர் புகழ்வேந்தன் பைக்கை வெளியே நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"மேடம், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. ரெண்டு டிக்கெட்."

"ரெண்டா? எனக்கு ஒண்ணு போதும்பா."

"ஸ்கீமே கப்புள் ஸ்கீம் மேடம். யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."

யாரை? அவள் தங்கச்சி கார்த்திகாவைக் கேட்டாள். கார்த்திகாவுக்கு அந்த வாரம் நாத்தனார் வீட்டில் சீமந்தம். பக்கத்துக் கடை அமிர்தத்தைக் கேட்டாள். கப்பல் என்றதுமே அமிர்தம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் கேட்பதற்கு ஆள் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கடைக்கு ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர் வருகிறார்கள். ஒருவரிடமும் இதைக் கேட்க முடியாது.

போகிறவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குறிப்பு வந்தது. பகல் கூட்டத்துக்கும் பரிசளிப்புக்கும் பட்டு அல்லது கோட்டு. இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கும் 'கேஷுவல்'. நைட்டி, லுங்கி, ரப்பர் செருப்பு கூடாது.

பட்டு விஷயம் அவளுக்குப் பிரச்சினையாக இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய அரக்குப் பட்டு இருக்கிறது. கேஷுவல்தான் புரியவில்லை. புகழ்வேந்தனுக்குப் போன் போட்டாள்.

"அது ஒண்ணுமில்ல மேடம். சும்மா, ரிலாக்ஸா, வெளிய சாப்பிடப் போனா இன்னா போடுவீங்களோ அது."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். வெளியே சாப்பிடப் போய் எத்தனை வருஷம்?

அன்று ராத்திரி பீரோவைத் திறந்து பார்த்தாள். கீழ்த்தட்டில் கடைக்குக் கட்டும் பூனம் புடவைகள் இருந்தன. துவைத்துத் துவைத்து நிறம் மங்கியவை. எத்தனை முறை அலசினாலும் மடிப்புக்குள் மருந்து நாற்றம் கொஞ்சம் தங்கியிருக்கும். மேல்தட்டில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டுகிற பட்டு. சாவு வீட்டுக்கென்று தனியாக ஒரு வெளிர்நீலம். வேலைக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. நடுவில் சும்மா கட்டிக்கொள்வதற்கு என்று அவளிடம் ஒரு துணியும் இல்லை. வீரமணி இருந்தபோது இருந்தது. மெல்லிய வாயில் துணிப் புடவைகள் நாலைந்து வைத்திருந்தாள். சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போக, படம் பார்க்க என்று. அதெல்லாம் எப்போது கிழிந்து எப்போது கடையில் தூசி துடைக்கும் துணியானது என்று நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மூலக்குளம் போனாள். கார்த்திகா துள்ளிக் குதித்தாள்.

"கப்பலுக்கு யாராவது பொடவ கட்டிக்கினு போவாங்களா? சுடிதார் போடுக்கா."

"போடி. இந்த வயசுலயா?"

"அம்பது ஒரு வயசா? எங்க தெருவுல அறுபது வயசுக்காரங்கல்லாம் அதத்தான் போட்டுக்கினு வாக்கிங் போறாங்க."

மெயின் ரோட்டில் ஒரு துணிக்கடைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். விற்கிற பெண், "பொண்ணுக்கா ஆன்ட்டி? இன்னா சைஸ்?" என்று கேட்டாள். "எங்க அக்காவுக்குத்தான்" என்று கார்த்திகா சத்தமாகச் சொன்னதில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செல்வகுமாரி சட்டென்று கைக்குக் கிடைத்த பச்சை டாப்பை எடுத்து, "இது போதும்" என்றாள். நாற்றங்கால் பச்சை. கீழே போட ஒரு கறுப்புப் பேன்ட். ஒரு மெல்லிய துப்பட்டா. ஒரு ஜோடி போதுமா என்று கார்த்திகா கேட்டாள். "ரெண்டு நாள்தானடி. அதையே போட்டுக்கிறேன்."

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் முந்தானை செருகுகிற கை, செருகுவதற்கு ஒன்றும் இல்லாமல் இரண்டு மூன்று முறை இடுப்புக்குப் போய்த் திரும்பியது. ஆனால் நடப்பதற்குச் சுகமாக இருந்தது. கூடத்தில் கண்ணாடி வரைக்கும், திரும்ப அடுப்படி வரைக்கும், நாலு முறை நடந்தாள்.

கம்பெனி பஸ் வில்லியனூரிலிருந்து கிளம்பியது. இருபது ஜோடிகள், அப்புறம் அவள். வில்லியனூர் டீலர் நமச்சிவாயமும் அவர் மனைவி கமலவேணியும் முன் சீட்டில் இருந்தார்கள். நமச்சிவாயத்துக்கும் அவளுக்கும் பத்து வருஷமாகத் தொழில் போட்டி. ஆனால் நேரில் பார்த்தால் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொண்டு அவள் சென்னை வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கப்பலில் அவளுக்குக் கொடுத்த அறைக்கதவில் ஓர் அட்டை சொருகியிருந்தது: 'மிஸ்டர் அண்ட் மிசஸ் வீரமணி'. கம்பெனிக் கணக்கில் கடைப் பேர்தானே இருக்கும். உள்ளே இரண்டு கட்டிலை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, நடுவில் டவலைச் சுருட்டி இரண்டு வாத்து செய்து வைத்திருந்தார்கள். மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் பிரித்து உதறி மடித்து பாத்ரூமில் மாட்டினாள்.

ஆறரை மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பச்சை டாப்பைப் போட்டு, துப்பட்டாவுக்கு இரண்டு ஊக்கு குத்தி, தலையை வாரிப் பின்னிக்கொண்டு போனாள். சாப்பாட்டு ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அவளுக்குக் கண் கூசியது. பெண்கள் எல்லாரும் மஞ்சள். மஞ்சள் புடவை, மஞ்சள் சுடிதார், கமலவேணி மஞ்சளில் தரை வரைக்கும் ஒரு கவுன். புருஷன்மார்கள் அதே மஞ்சளில் சட்டை போட்டு அசட்டுச் சிரிப்போடு நின்றார்கள்.

கமலவேணி அவளைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, மொத நாள் எல்லாரும் மஞ்சள்னு லேடீஸ் குரூப்ல பேசிக்கினோமே... நீங்க அந்த குரூப்ல இல்லல்ல."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க டீலர்ஸ் குரூப்ல இருக்கீங்களா, அதனால எங்களுக்குத் தோணவே இல்லக்கா. இருங்க, இப்பவே சேத்துடறேன்." போனை எடுத்துத் தட்டினாள். கரை விட்டு வந்தாகிவிட்டது, டவர் இல்லை. "அப்புறமா சேத்துடறேன்" என்றாள். மனசில் கல்மிஷம் இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் செல்வகுமாரிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வேண்டுமென்று விட்டிருந்தால் கோபப்படவாவது செய்யலாம்.

போட்டோ எடுக்கும்போது எல்லாரும் படிக்கட்டில் நின்றார்கள். பச்சை எந்த ஓரத்தில் நின்றாலும் தனியாகத் தெரியும் போலிருந்தது. "குடுங்க, நான் எடுக்கிறேன்" என்று அவளே கமலவேணியின் போனை வாங்கிக்கொண்டாள். பதினைந்து படம் எடுத்தாள். எல்லாரையும் சிரிக்கச் சொன்னாள்.

மேசைகளில் பேர் அட்டை வைத்திருந்தார்கள். அவளுக்கு மூலையில் இரண்டு பேர் உட்காரும் சின்ன மேசை. பரிமாறுகிற ஆள் தமிழில் பேசினார். சட்டையில் மரியதாஸ் என்று போட்டிருந்தது. நாற்பது வயசு இருக்கும்.

"சார் வந்துடட்டும்மா, அப்புறம் சூப் கொண்டாரேன்."

"சார் வரமாட்டாரு."

"ரூம்ல இருக்காரா? ஒடம்பு சரியில்லன்னா ரூமுக்கே அனுப்பலாம்மா."

"இல்லப்பா. அவரு இல்ல."

மரியதாஸ் மேசையைச் சுற்றி வந்தார். எதிர்ப்பக்கத்துத் தட்டை எடுத்தார். கரண்டி, முள்கரண்டி, கத்தி, தண்ணீர் கிளாஸ், பூப்போல மடித்த துணி என்று ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்காமல் எடுத்தார். அத்தனை மெதுவாக எடுத்ததால் அதற்கு நிறைய நேரம் பிடித்தது. அவள் தன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு என்ன என்று பிறகு யோசித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவில்லை. வெண்ணெய் தடவிய ஒரு ரொட்டி மட்டும் ஞாபகம் இருந்தது.

சனிக்கிழமை பகலில் பரிசளிப்பு. அரக்குப் பட்டில் மேடையேறிக் கேடயம் வாங்கினாள். ஜில்லாவிலேயே அதிகமாக விற்றது அவள்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. பட்டில் எப்படி நிற்பது, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் மறுபடியும் கேஷுவல். இன்றைக்கு என்ன நிறம் பேசியிருக்கிறார்களோ தெரியாது. போய்க் கேட்கவும் வாய் வரவில்லை. பச்சை டாப் நாற்காலி முதுகில் கிடந்தது. ஊருக்குத் திரும்பும்போது கட்டலாம் என்று ஒரு பூனம் புடவையும் கொண்டுவந்திருந்தாள். அதைக் கையில் எடுத்தாள். கட்டினால் பழகிய மாதிரி இருக்கும். யாராவது கேட்டால், சுடிதாரில் சூப் கொட்டிவிட்டது என்று சொல்லலாம். அறைக்குச் சாப்பாட்டை வரவழைத்துக்கொண்டு போகாமலே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அரைமணி நேரம் யோசித்தாள். பத்து ஏக்கர் பயிரைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன மருந்து என்று சொல்கிறவள்.

கடைசியில் பச்சையையே போட்டாள். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பூனம் புடவைக்குச் சேருகிற ரவிக்கையை எடுத்து வைக்க மறந்திருந்தாள்.

பெண்கள் இன்று வெவ்வேறு நிறத்தில் இருந்தார்கள். இரண்டாம் நாளைக்கு ஒன்றும் பேசி வைக்கவில்லையாம். மஞ்சுளா என்கிற ஒரு டீலரின் மனைவி, "இந்தக் கலர் நல்லாக்கீதுக்கா, எங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள். அவள் மூலக்குளம் என்றாள். அதற்குள் மஞ்சுளாவை யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள். மரியதாஸ் இன்று ஜன்னலோரம் ஒரு மேசையில் ஒரே தட்டு வைத்திருந்தார்.

"இங்க உக்காருங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க ஊரு தெரியும்."

அவர் சொன்னபடியே, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மேற்கே மெல்லிய கறுப்புக் கோடாகக் கரை தெரிந்தது. அதில் ஒரு விளக்கு சுற்றிச் சுற்றி மினுக்கியது. பாண்டி லைட் ஹவுஸ் என்றார் மரியதாஸ். அதற்குத் தெற்கே, விளக்கே இல்லாத அந்த இருட்டுக்குப் பின்னால்தான் பாகூர் இருக்க வேண்டும். தன் ஊரை இப்படி வெளியில் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

அப்போது போன் அடிக்க ஆரம்பித்தது. டவர் வந்துவிட்டிருந்தது. தவறிய அழைப்புகள் இருபத்தாறு என்று காட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அபிஷேகப்பாக்கம் தங்கவேல் கூப்பிட்டான்.

"யக்கா, எங்க கீறீங்க? நேத்துலேர்ந்து போட்டுக்கினே கீறேன், போவவே மாட்டேங்குது."

"இன்னா தங்கவேலு?"

"பயிரு நடுவுல வட்டம் வட்டமா காயுதுக்கா. அடியில தட்டிப் பாத்தா பொடிப்பூச்சி அப்பிக் கெடக்குது. கதிர் வர்ற நேரம். பயமா கீது."

அவள் எழுந்து கதவுக்கு வெளியே தளத்துக்குப் போனாள். காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. "புகையான்டா அது. மொதல்ல தண்ணிய சுத்தமா வடிச்சுடு. யூரியா ஒரு பிடி கூடப் போடாத. எட்டடிக்கு ஒரு பட்டம் பிரிச்சு, நடுவுல வழி விட்டு, பயிர ஒதுக்கி, தூருல படுற மாதிரி அடி. மேல அடிச்சா வேஸ்ட்டு."

"மருந்து? உங்க கட பூட்டிக் கெடக்குதே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வில்லியனூர் நமச்சிவாயம் கடைக்குப் போ. அவரு பையன் இருப்பான். நான் அனுப்பிச்சேன்னு சொல்லு." மருந்தின் பேரை இரண்டு முறை சொன்னாள். "காலைலயே அடிச்சுடு. நாளாக்காத."

"சரிக்கா." வைத்துவிட்டான்.

அடுத்து ஏம்பலத்திலிருந்து ஒருவர், கரும்பில் இடைக்கணுப் புழு. பிறகு இன்னும் இரண்டு பேர். எல்லாருக்கும் பதில் சொன்னாள். எங்கே இருக்கிறீர்கள் என்று நாலு பேரும் கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் பயிரைச் சொன்னார்கள்.

போன் ஓய்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. நான் கடலில் இருக்கிறேன், இங்கிருந்து நம் ஊர் தெரிகிறது, பச்சை டாப் போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பேர்களைத் தள்ளினாள். 'அரிகரன் ஏம்பலம் கரும்பு', 'கனகாம்பாள் கத்தரி', 'செந்தில்நாதன் ரெண்டு ஏக்கர்', 'தமிழ்க்குமரன் சொட்டுநீர்'. விரல் தள்ளிக்கொண்டே போயிற்று. ஆயிரத்துக்கு மேல் பேர். கடைசியில் கார்த்திகாவுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. சீமந்த வீட்டில் எங்கே கேட்டிருக்கும். மறுபடியும் போட்டபோது டவர் போய்விட்டிருந்தது.

உள்ளே திரும்பி வந்தால் நமச்சிவாயம் அவள் மேசைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்ததில் பேச்சு காதில் விழுந்திருக்கிறது.

"இன்னாம்மா, உங்க பார்ட்டிய எங்க கடைக்கு அனுப்பிச்சிட்டீங்க?"

"பயிரு காத்துக்கினு இருக்குமாங்க?"

அவர் தலையை ஆட்டினார். "வாங்க, எங்க டேபிள்ள உக்காருங்க." டீலர்கள் ஏழெட்டு பேர் இருந்த பெரிய மேசை. நாற்காலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். புகையானைப் பற்றிக் கேட்டார்கள்; அவள் சொன்னாள்; மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மேசையில் அவர்கள் மனைவிமார்கள் எதற்கோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் அவள் நாற்காலி இருந்தது. ஐஸ்கிரீம் வந்தது. சாப்பிட்டாள். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் வில்லியனூரில் எல்லாரையும் இறக்கிவிட்டது. அவள் வேறு பஸ் பிடித்துப் பாகூர் வந்து சேர்ந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேராகக் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள். ஒரு மணி நேரத்தில் தங்கவேல் வந்து இறங்கினான். தெளித்து முடித்துவிட்டானாம், பூச்சி செத்துத் தூரடியில் கொட்டிக் கிடக்கிறதாம்.

"கப்பல்ல போனீங்களாமே. எப்டிக்கா இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவன் பைக்கை அணைக்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருந்துச்சுடா."

"அப்ப சரிக்கா" என்று கிளம்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமைதான் கார்த்திகா கூப்பிட்டாள். "கப்பல்லேர்ந்து போட்டிருக்க. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லடி. பேசலாம்னு போட்டேன்."

"நீயா? நீ விஷயம் இல்லாம போடவே மாட்டியே." கார்த்திகாவின் குரல் பயந்துபோயிற்று. "ஒடம்பு எதனா சரியில்லையா?"

"நல்லாத்தான்டி கீறேன்." செல்வகுமாரி எதிரே மருந்து அலமாரியைப் பார்த்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா? சாப்பாட்டுக்கு."

"இதுக்கு இன்னா கேக்கற. வாக்கா."

அந்த ஞாயிறு பச்சை டாப்பைப் போட்டுக்கொண்டு போனாள். கார்த்திகா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டார்கள். கப்பலைப் பற்றிக் கேட்டாள். மஞ்சள் கதையைச் சொன்னபோது கார்த்திகா சிரித்தாள், செல்வகுமாரியும் கூடச் சிரித்தாள். எதிர்த்தட்டை எடுத்த கதையைச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் கார்த்திகாவுக்குக் கண்ணைச் சுழற்றியது. பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். அவள் புருஷன் வெளியே போனார். செல்வகுமாரி யாரோ பாதியில் விட்டுப்போன டிவி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, தங்கச்சியை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

அப்போதிலிருந்து மாசத்தில் இரண்டு ஞாயிறு போகிறாள். கார்த்திகா பெரும்பாலும் தூங்கிவிடுகிறாள். சில நாள் தூங்காமல் பேசிக்கொண்டிருப்பாள். எந்த ஞாயிறு எப்படி என்று முன்கூட்டித் தெரியாது. செல்வகுமாரி போன மாசம் இன்னொரு டாப் எடுத்தாள், ஊதா நிறம். கடையில் விற்கிற பெண் சைஸ் கேட்டபோது அவளே சொன்னாள்.